ஆரணியில எந்தத் தெரு?

1

அழுகிற ஆரணிக்காரி காதில் ஆரணிப் பேச்சு நாலு வார்த்தை விழுந்தால் போதும், பாதி அழுகை நின்றுவிடும் என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், மூன்று மாதப் பயிற்சி முடித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு இதை நம்பினேன். பயிற்சியில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. சொந்தக் கண்டுபிடிப்பு.

இப்போது இதை ஒப்புக்கொள்ளக் காரணம் ஒரு படிவம். மெல்போர்னில், கஷ்டத்தில் இருக்கிற தமிழர்கள் கூப்பிட்டுப் பேச ஒரு தொலைபேசிச் சேவை இருக்கிறது. சனிக்கிழமை மதியங்களில் அங்கே நான் ஆலோசகன். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை எங்களைப் புதுப்பிப்பார்கள். போலீஸ் சான்று, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இந்த ஆளை விடலாம் என்று ஒரு சான்று, முகவரிக்கு மின்சார பில். ஆரணி தாலுகா ஆபீஸில் ரேஷன் கார்டுக்காக அலைந்தவனுக்கு இதெல்லாம் தூசு. ஆனால் இந்த வருஷம் பதினான்காவது கேள்வி புதிது: ‘பணியில் நீங்கள் செய்த ஒரு தவறை விவரிக்கவும். நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.’

என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “நூத்தம்பது உங்களுக்கு எப்படிப் பத்தும்? தனியா பேப்பர் வெச்சி பின் அடிங்க.”

அந்தத் தனிப் பேப்பர்தான் இது. என் கூட வேலை செய்யும் ரதி அக்கா படித்துவிட்டு மூன்று இடங்களை அடித்தார், சில விவரங்களை மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன். எதை மாற்றினேன் என்று கேட்காதீர்கள். ஆரணியில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்காதீர்கள்.

2

வார நாட்களில் என் வேலை வேறு. ட்ராமில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகும் பொருட்களை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். குடை, ஒற்றைக் கையுறை, ஒரு தடவை பல் செட்டு. வருகிறவர்களிடம் ஏதாவது கிண்டல் அடித்துச் சிரிக்க வைத்துத்தான் பொருளைக் கொடுப்பேன். பல் செட்டுக்காரர் மட்டும் செட்டை வாங்கி மாட்டிக்கொண்ட பிறகுதான் சிரித்தார்.

தொலைபேசிச் சேவையில் சேர்ந்த முதல் நாளே மூன்றைத் தடை செய்தார்கள். அறிவுரை சொல்லக் கூடாது. சொந்தக் கதை பேசக் கூடாது. ஜோக் அடிக்கக் கூடாது. என்னிடம் இருக்கிற சரக்கே இந்த மூன்றுதான்.

அவர்கள் தடை செய்ய மறந்த நாலாவது ஒன்று இருந்தது. வேலூரிலிருந்து ஆரணிக்கு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் முதலில் கேட்பது, “ஆரணிங்களா? ஆரணியில எந்தத் தெரு?” அடுத்தது, “யார் வூட்டுப் பையன்?” பஸ் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் அவர் உங்களுக்கு ஒருவழியில் மாமா ஆகிவிடுவார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் விசாரணை இல்லை, மரியாதை. கேட்காமல் இறங்கினால்தான் கோபம். இருபத்திரண்டு வருஷமாக இங்கே கடையில், சர்ச் வாசலில், விமான நிலைய வரிசையில் தமிழ் முகம் எதைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் மகளுக்கு இது அறவே பிடிக்காது. அவளிடம் யாராவது ஊரைக் கேட்டால், நாங்கள் இப்போது குடியிருக்கும் புறநகரின் பெயரைச் சொல்லிவிட்டு போனைப் பார்ப்பாள். “க்ரீப்பியா இருக்குப்பா. நீங்க ஹலோன்னு நினைச்சுக் கேக்கறீங்க. அவங்க அட்ரஸ் குடுக்கணும்” என்றாள் ஒரு நாள். பெற்ற பிள்ளை ஊரை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அன்று முழுக்க வருத்தப்பட்டேன். அவள் சொன்னதைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

3

அந்தச் சனிக்கிழமை, மதியம் ஒன்று ஐம்பதுக்கு மணி அடித்தது. ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே எங்கள் அறை. இரண்டு மேஜை, இரண்டு போன். எதிர் மேஜையில் ரதி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ், அறுபது தாண்டியவர். என்னை ‘ஆரணித் தம்பி’ என்பார். அவருடைய தமிழைத் தேநீர் வேளைகளில் நான் பேசிக் காட்டுவேன். ‘அக்கா, இந்தப் பேச்சைக் கேட்டு எங்க ஊர்க்காரங்க அழுகையை நிறுத்துவாங்க, ஆனா பாதி புரியாததால’ என்பேன். அவர் பிஸ்கட்டை என் பக்கமிருந்து தன் பக்கம் நகர்த்திக்கொள்வார்.

போனை எடுத்தேன். முதலில் தண்ணீர் கொட்டும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், சின்ன வயசு.

“அலோ… தமிழுங்களா?”

“தமிழ்தாம்மா. சொல்லுங்க.”

“பாத்ரூம்ல கீறேங்க. கொழாயத் தொறந்து வுட்டுகினு பேசறேன். ஹால்ல கேமரா வெச்சிகீறாரு. நாம பேசறதும் அதுல கேக்கும். எங்க இருந்தாலும் போன்ல பாப்பாரு.”

கணவன். கிரிக்கெட் மேட்சுக்குப் போயிருக்கிறான். ஐந்து மணிக்கு வருவான். வெள்ளிக்கிழமை இரவு நடந்ததை அவள் சொன்னாள். ரதி அக்கா அடித்த இடங்களில் அது ஒன்று, எழுத மாட்டேன். மூன்று வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் அவனுடைய மேஜை டிராயரில், பூட்டி.

“இன்னைக்கு வுட்டா இல்லீங்க” என்றாள். “அவரு வர்றதுக்குள்ள போயிடணும். எங்க போறதுன்னுதான் தெரியல.”

இந்த இடத்தில் நான் கேட்க வேண்டிய கேள்வி, ‘இப்போது, இந்த நிமிஷம், நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?’ பயிற்சியில் முப்பது தடவை சொல்லிச் சொல்லி வாய் வலித்த கேள்வி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சின் அந்தக் ‘கீறேங்க’ என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இருபத்திரண்டு வருஷமாக அதை அழுகைக்கு நடுவே நான் கேட்டதில்லை. நெஞ்சு உருகியது. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, இதைச் சொன்னேன்:

“அட, நம்ம ஆரணிங்களா? நானும் ஆரணிதாம்மா! ஆரணியில எந்தத் தெரு? யார் வூட்டுப் பொண்ணு நீங்க?”

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

வைத்துவிட்டாள்.

4

எங்கள் போனில் கூப்பிட்டவர் எண் தெரியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், கூப்பிடுகிறவர்களுக்குப் பயம் வரக் கூடாதென்று. ரிசீவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதை மறுபடி காதில் வைத்து “அலோ” என்றேன். ஒரு தடவை குலுக்கியும் பார்த்தேன். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் விழட்டும் என்றோ என்னவோ.

ரதி அக்கா அவருடைய போனில் ஒரு வயதானவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, சமையல் மேடை இருக்கும் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த நிமிஷம் எனக்கு மூளை வேலை செய்ததாக யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு எண்ணம்: அவள் யார் என்று தெரிந்துகொண்டால் காப்பாற்றிவிடலாம். ஆரணியிலிருந்து மெல்போர்னுக்குக் கட்டிக் கொடுத்த பெண் யார் என்று உலகத்தில் ஒருத்தருக்குக் கட்டாயம் தெரியும். என் அக்கா ஸ்டெல்லா. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண ஜாக்கெட் தைக்கிறாள். ஊரில் பாதிப் பெண்களுடைய தோள் அளவும் மாமியார் குணமும் அவள் நோட்டில் உண்டு.

அங்கே காலை எட்டரை. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள்.

“இன்னாடா? யார்னா செத்துட்டாங்களா?”

“இல்லக்கா. சும்மா.”

“சும்மாவா? சும்மா போன் பண்ற ஆளா நீ? குரலு ஏன் இப்படி கீது? ஜல்தி சொல்லு, கடை தொறக்கணும்.”

“அக்கா, நம்ம ஊர்லேர்ந்து மெல்போர்ன் மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்த பொண்ணுங்க யார் யாருக்கா?”

கேட்டு முடிக்கவில்லை. அக்கா ஆரம்பித்துவிட்டாள். “கொசப்பாளையத்துல ஒண்ணு. சைதாப்பேட்டைல ஒண்ணு, அதுக்கு நாந்தான் பச்சை ஜாக்கெட்டு தெச்சேன், முதுகுல கயிறு வெச்சி. நாலஞ்சி வருஷம் இருக்கும், கொழந்தகூட…” சட்டென்று நிறுத்தினாள். குரல் இறங்கியது. “ஏன்டா? அந்தப் பொண்ணுக்கு இன்னா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது மணிக்குக் கடைக்கு வருகிற முதல் வாடிக்கைக்காரிக்குத் தெரியும். பத்து மணிக்குப் பெண்ணின் அம்மாவுக்கு. பத்தே காலுக்கு அவள் அழுதுகொண்டே மாப்பிள்ளைக்குப் போன் செய்து, ‘என் பொண்ண ஒண்ணும் பண்ணிடாதீங்க’ என்பாள். அவன் கேமராவைத் திறப்பான். எல்லாரும் அன்பினால் செய்வார்கள். கூப்பிட்ட பெண் போனை வைத்தது ஏன் என்று அந்த நிமிஷம்தான் விளங்கியது. நான் ஆரணி என்று சொன்ன உடனே அவளுக்கு இத்தனையும் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் பத்து நிமிஷம் ஆனது.

“ஃபேஷன் ஷோக்கா” என்றேன்.

“இன்னாது?”

“இங்க சங்கத்துல பட்டுப் புடவை ஃபேஷன் ஷோ. ஆரணிப் பொண்ணுங்க இருந்தா நல்லா இருக்கும்னு…”

“நீயி? ஃபேஷன் ஷோ?” அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். “பேஜார் பண்ணாத. போனை வெய்யி.”

வைத்தேன். அமைதிப்படுத்திக்கொள்ளத் தண்ணீர் குடிப்போம் என்று குழாயைத் திறந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் உடனே மூடிவிட்டேன்.

5

வெளியே வந்தபோது ரதி அக்காவின் போன் மறுபடி அடித்தது. இரண்டு இருபது. அவர் எடுத்தார். கேட்டார். கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தார்.

“இல்லைப் பிள்ளை. அவர் இல்லை. இது வேற ஆள். நான் யாழ்ப்பாணம்” என்றார். பிறகு, “ஓம். உங்கட ஊரில எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஆரணி எந்தப் பக்கம் எண்டும் தெரியாது. நீ பயப்படாமல் கதை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

பிறகு ஒரு கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார், மெதுவாக: “ஊர்க்காரர் வேண்டாமாம். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். எழுதிக் காட்டுங்கோ.”

ஆபத்தான அழைப்பு வந்தால் ஒருவர் பேச, மற்றவர் வெளி வேலைகளைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் வெளி வேலை ஆனேன். பெண்களுக்கான பாதுகாப்பு இல்லத்துக்கு என் மேஜைப் போனிலிருந்து அடித்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பியானோ இசை. ஒரு பெண் எடுத்தாள். பதட்டத்தில் என் ஆங்கிலம் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியிருந்தது. அவள் மிகுந்த கனிவோடு, “கவலைப்படாதீர்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்கிறேன்” என்று மறுபடி பியானோவில் விட்டாள். நாலு நிமிஷம் கழித்து ஓர் ஆண் குரல் தமிழில், “வணக்கம், உங்களை அடித்தது யார் ஐயா?” என்றது. வேறு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்கு அதை வைத்துப் பிழைத்திருப்பேன்.

இதற்கிடையில் ரதி அக்கா துண்டுக் காகிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். ‘கேமராவைத் தாண்டித்தான் வாசல். ஆள் அசைந்தால் அவன் போனுக்குத் தகவல் போகும். ஃபீல்டிங் செய்யும்போது போன் வெளியே, கிட் பையில் இருக்குமாம். களத்தில் நிற்கிறானா, பார்க்க முடியுமா?’

முடியும். இங்கே உள்ளூர் மேட்சுகளின் ஸ்கோரைக்கூடப் பந்துக்குப் பந்து போனில் போட்டுவிடுகிறார்கள். அன்று தமிழர் அணி ஒன்றுதான் ஆடியது. என் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எதிரணி பேட்டிங், இருபத்தோராவது ஓவர். முப்பத்தைந்து ஓவர் மேட்ச். பதினொரு பேரும் களத்தில்.

பதினொரு பேர். கட்டை விரலை ஒரு அங்குலம் கீழே தள்ளினால் பதினொரு பெயரும் வரும். அதில் ஆறு பேரையாவது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் தோசை தின்றிருக்கிறேன், அவர்கள் பிள்ளைகளின் பிறந்த நாளில் பலூன் ஊதியிருக்கிறேன். அவர்களில் ஒருவன். என் விரல் கண்ணாடிக்கு மேல் நின்றது. என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டால் முகத்தில் காட்டிவிடுவேன். அல்லது ஸ்டெல்லாக்காவிடம்.

மேஜையிலிருந்த மஞ்சள் ஒட்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, போனின் கீழ்ப்பாதியை மூடி ஒட்டினேன். ஓவர் எண் மட்டும் தெரிந்தது. அதை ஒரு காகிதத்தில் எழுதி ரதி அக்காவுக்குக் காட்டினேன். 22. பிறகு 23.

6

எங்கள் ஜன்னல் கண்ணாடியில் முதல் துளி விழுந்தபோது ஓவர் இருபத்து நாலு.

ஊரில், காலையில் தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்திருப்பார்கள். ஒரு தூறல் பட்டால் போதும், நெய்கிறவர் வீட்டில் ஒரு மாதச் சாப்பாடு போன மாதிரி. யாருடைய பாவு என்று பார்க்காமல் தெருவே ஓடிவந்து சுருட்டும். அந்த ஓட்டத்தில் நானும் ஓடியிருக்கிறேன். இப்போது ஓட முடியாது, கத்த முடியாது. மழை வந்தால் மேட்ச் நிற்கும். மேட்ச் நின்றால் பதினொரு பேரும் உள்ளே வந்து முதலில் எடுப்பது போன்.

‘மழை’ என்று எழுதிக் காட்டினேன். ரதி அக்கா தலையாட்டினார். குரல் மாறவே இல்லை.

இல்லத்துப் பெண் ஒரு வழியாக எனது ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டிருந்தாள். டாக்ஸி வரும், வீட்டு வாசலுக்கு அல்ல, பின் தெருவில் நூலகத்துப் பக்கம், எட்டு நிமிஷத்தில். எழுதினேன். ரதி அக்கா சொன்னார்:

“பிள்ளை, கேள். கார் வருது. குழந்தையைத் தூக்கு. பை ஒண்டும் வேண்டாம்.”

அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள்.

“பாஸ்போர்ட்டை விடு. அது பிறகு எடுக்கலாம். போனையும் அங்கயே வை, அதை வைச்சு உன்னைத் தேடுவான். இனி நீ எனக்கு அடிக்க ஏலாது, விளங்குதோ? கெதியா வெளிக்கிடு.”

ரதி அக்காவின் நெற்றி சுருங்கியது. “கெதியா வெளிக்கிடு பிள்ளை” என்றார் மறுபடி. அவளுக்குப் புரியவில்லை. ரதி அக்கா என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்துப் பெரிதாக எழுதினேன். அவர் அதை யாழ்ப்பாணத்து ராகத்திலேயே வாசித்தார்:

“ஜல்தி கெளம்பு.”

இதை மட்டும் ரிசீவருக்கு வெளியே நானும் கேட்டேன். சின்னக் குரலில், “சரிங்க.” தண்ணீர்ச் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. போனை வைக்கவும் இல்லை, எங்கேயோ கீழே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ரதி அக்கா ஸ்பீக்கரைப் போட்டார், நாங்கள் இருவரும் அந்தத் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

26. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவன் பன்னிரண்டாவது ஆளாக வெளியே உட்கார்ந்திருந்தால்? எழுதிக் காட்டினேன். ரதி அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிக் கசக்கிக் கூடையில் போட்டார்.

27. மூன்று மணி பதினாறு.

பிறகு எண் மாறவில்லை. 27.3 என்று நின்றது. திரையில் ஒரு வரி ஓடியது: ‘மழை. ஆட்டம் நிறுத்தம்.’

வெளியே ட்ராம் போகும் சத்தம். எங்கள் ஜன்னலில் மழை நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஜோக் எதையாவது யோசித்துப் பார்த்தேன். பழக்க தோஷம். ஒன்றும் வரவில்லை. ரதி அக்கா ரிசீவரைக் கையில் பிடித்தபடியே பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

மூன்று இருபத்தெட்டுக்குத் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, அவள் விட்டுவிட்டுப் போன போனில் ‘பீப் பீப்’ என்று இன்னொரு அழைப்பு வருவது கேட்டது. நின்றது. மறுபடி வந்தது. ஆறு தடவை எண்ணினேன். ரதி அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

7

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது ஸ்டெல்லாக்காவின் வாட்ஸப் வந்திருந்தது. ஒரு குரல் பதிவு, மூன்று நிமிஷம். கீழே மூன்று கல்யாணப் போட்டோக்கள், திறக்காததால் மங்கலாக. நான் திறக்கவில்லை. மனைவிக்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நாலையும் அழித்தேன். அவள், “இன்னாங்க?” என்று கேட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தேன். கல்யாணமான பிறகு நான் அவளிடம் மறைத்த முதல் நல்ல கதை அது.

அக்கா இன்னமும் விடவில்லை. வாரா வாரம் கேட்கிறாள்: “அந்த ஃபேஷன் ஷோ இன்னாடா ஆச்சு?” தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்கிறேன். இந்தக் குறிப்பை அவள் படித்தால் எனக்கு இன்னொரு ஆலோசகர் வேண்டியிருக்கும்.

தமிழர் அணி ஆட்களை அவ்வப்போது பார்க்கிறேன். கைகுலுக்குகிறேன். யார் கையைக் குலுக்குகிறேன் என்று தெரியாமல் குலுக்குவது லேசான காரியமில்லை. போன மாதம் சர்ச் வாசலில் ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். பேச்சு வேலூர்ப் பக்கம். என் நாக்கு தானாக எழுந்தது. பக்கத்தில் என் மகள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மழை வரும்போல இருக்கு இல்லீங்க?” என்று கேட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள், காரை நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

பதினான்காவது கேள்விக்கு நான் எழுதிய பதில் நாலு சொல்தான்: ‘எந்தத் தெரு என்று கேட்டேன்.’ அலுவலகத்தில் போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இந்தத் தனிப் பேப்பரைப் பின் அடித்து அனுப்புகிறேன், மிச்சம் நடந்ததையும் எழுதி.

டாக்ஸி மூன்று மணி பத்தொன்பதுக்குக் கிளம்பியது. மேட்ச் மூன்று நாற்பத்தொன்றுக்குக் கைவிடப்பட்டது. நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பாதுகாப்பு இல்லத்திலிருந்து போன் வந்தது, இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், குழந்தைக்குக் காலில் செருப்பில்லை என்று. பேசியது ரதி அக்கா. நான் ஓவர் எண்ணினேன். ஆரணியில் அவள் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது.